தைத்து மறைத்த விரிசல்

எனக்கு முதலில் கை பேசும், வாய் பிறகுதான் வரும். துபாயில் சோனாப்பூர் லேபர் கேம்பில் இருந்தபோது பஸ் சீட்டுக்காக ஒருத்தன் பல்லை உடைத்தேன். குளியலறை வரிசையில் முன்னால் புகுந்த இன்னொருத்தனின் சட்டையைக் காலரோடு கிழித்தேன். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று என் மனைவி ஊரிலிருந்து போனில் சொல்வாள். உடனே போனைக் கட் பண்ணிவிடுவேன், அதுவே அவள் சொன்னதற்குச் சாட்சி என்பது புரியாமல்.

நான் வந்தது சர்வேயருக்குக் கம்பு பிடிக்கிற வேலைக்கு. மணல் மேட்டில் கம்பைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். பிறகு ட்ரோன் வந்தது. சைட்டில் வெள்ளைப் பெயிண்டால் அங்கங்கே பெருக்கல் குறி போடுவோம். ட்ரோன் மேலே வரிவரியாகப் பறந்து நூற்றுக்கணக்கில் படம் எடுக்கும். அந்தக் குறிகளை வைத்துப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வரைபடமாக்க வேண்டும். எங்கள் ஆபீஸில் இதற்குத் தையல் என்று பெயர். எனக்கு அது நன்றாக வந்தது. ஆறு வருடத்தில் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், ஒரு டயர் கடைக்கு மேல் மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் ஆபீஸுக்கு நான்தான் தலைமைத் தையல்காரன். நான் ஒட்டிய படத்தில் ஒட்டு எங்கே என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த ஆபீஸும் அமைதியான இடமில்லை. மேனேஜருக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். ஸ்டேப்ளர் ஒரு தடவை என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் பட்டு உடைந்தது. அவர் இந்தியில் திட்டுவார், நாங்கள் தமிழில் முணுமுணுப்போம், கீழே டயர் கடையில் இரும்புக் கம்பியால் டயரை அடித்துக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். நாள் முழுக்க ஏதாவது ஒன்றை யாராவது அடித்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

அந்த ஆபீஸுக்குத்தான் பனிக்கடல் வந்தது. வடதுருவப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக் கப்பல் பனிக்குள் நின்றிருந்தது. கப்பலைச் சுற்றிக் கடல் உறைந்து, பெரிய பெரிய பனிப்பாளங்களாக மிதந்தது. தினமும் காலையில் கப்பலிலிருந்து ஒரு ஹெலிகாப்டர் கிளம்பி அந்தப் பனியை மேலிருந்து பட்டை பட்டையாகப் படம் எடுக்கும். படங்கள் எங்கள் ஷார்ஜா நேரத்துக்கு மத்தியானம் எங்களிடம் வரும். நாலு மணிக்குள் அதை ஒட்டி, எது கெட்டிப் பனி, எது மெல்லிய பனி, எங்கே தண்ணீர் என்று கோடு போட்டு அனுப்ப வேண்டும். எங்கள் நாலு மணி அவர்களுக்கு நண்பகல். சாப்பிட்டுவிட்டு எட்டுப் பேர் கப்பலை விட்டு இறங்கி, எங்கள் வரைபடத்தைப் பார்த்து வழி பிடித்து, தூரத்தில் இருந்த ஒரு கூடாரத்துக்கு நடந்து போவார்கள். அங்கே அவர்களுடைய கருவிகள் இருந்தன. மாலையில் திரும்பி வருவார்கள். இதை முதல் நாளே வாடிக்கையாளர் எழுதியிருந்தார்: உங்கள் கோட்டை நம்பித்தான் எட்டுப் பேர் நடக்கிறார்கள்.

மேனேஜர் அந்த வரியைச் சிவப்பில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். நாங்கள் ரெண்டு நாள் பார்த்தோம், பிறகு அது காலண்டர் மாதிரி ஆகிவிட்டது.

ஐஸ் என்றால் ஜூஸில் மிதக்கிறது, மீன் மார்க்கெட்டில் உருகுகிறது, அவ்வளவுதான் அதுவரை தெரியும். படத்தில் பார்த்த பனி வேறு ஜாதி. ஒரு பாளம் இன்னொரு பாளத்தின் மேல் ஏறி, இடித்து, நொறுக்கி, உடைந்த துண்டுகளை வீடு உயரத்துக்குக் குவித்து வைத்திருக்கும். சத்தமில்லாத படத்தைப் பார்க்கும்போதே பல் கூசும். ஒரு நாள் வெள்ளைக்கு நடுவே பெரிய சிவப்புத் திட்டு. பனிக்கரடி ஒரு கடல்நாயை அடித்துத் தின்ற இடம். இழுத்துக்கொண்டு போன தடமும் சிவப்பாக நீண்டிருந்தது. கெட்டிப் பனி, மெல்லிய பனி, தண்ணீர் என்று மூன்று நிறம்தான் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ரத்தத்துக்கு நிறம் இல்லை. நான் கெட்டிப் பனி என்று போட்டு மூடினேன்.

இந்த வேலையில் என்னோடு இருந்தவன் யாழ்ப்பாணத்துக்காரன். குருநகர்ப் பக்கம், கடல் தொழில் செய்த குடும்பம். என்னை விட நாலு வயது சின்னவன். என்னை அண்ணை என்பான். அல் நஹ்தாவில் ஒரே அறையில் கட்டிலுக்குக் கட்டில் பக்கத்தில்தான் தூங்கினோம். அமைதியான ஆள், ஆனால் பயந்தாங்கொள்ளி இல்லை. சமையலறையில் நான் ஒரு தடவை அவனுடைய மீன் குழம்புச் சட்டியைத் தள்ளிவிட்டபோது, கரண்டியை என் தொண்டைக்கு நேரே நீட்டி, "அண்ணை, இன்னொருக்கா இப்பிடிச் செய்தால் நான் அண்ணை எண்டு பாக்க மாட்டன்" என்றான். அதற்குப் பிறகு எனக்கு அவன் மேல் ஒரு மரியாதை. அது பிடிக்கவும் இல்லை.

இப்போது எங்கள் தப்பைச் சொல்ல வேண்டும். பாலைவனத்தில் தொழில் கற்றவனுக்கு மட்டுமே இது நடக்கும்.

மணல் சைட்டில் ஒரு பட்டையையும் அடுத்த பட்டையையும் ஒட்டும்போது ஓரம் பொருந்தவில்லை என்றால், அது கேமராவின் தப்பு. தரை நகராது. அதனால் படத்தை இழுத்து, வளைத்து, ஒட்டு தெரியாத மாதிரி அமுக்கிவிடுவோம். அதுவே எங்களுக்குப் பழகிவிட்டது. பனிப் படத்திலும் நான் அதையே செய்தேன். ஹெலிகாப்டர் ஒரு பட்டையை முடித்துத் திரும்பி அடுத்த பட்டைக்கு வருவதற்குள் கீழே பனி நகர்ந்திருக்கும் என்று எனக்கு உறைக்கவேயில்லை. படங்களோடு தினமும் ஒரு சின்ன ஃபைல் வரும். கப்பலுக்குப் பக்கத்துப் பனியில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, நான் இங்கே இருக்கிறேன் என்று தன் இடத்தைச் சொல்லும். பனி எவ்வளவு நகர்ந்தது என்று நாங்கள் கழித்துக்கொள்ளத்தான் அதை அனுப்பினார்கள். சைட் வேலையில் இப்படி உபரியாக ஆயிரம் ஃபைல் வரும், யாரும் திறப்பதில்லை. இதையும் நான் திறக்கவில்லை.

அவன் திறந்தான். இரண்டாவது வாரமே வந்து சொன்னான். "அண்ணை, தண்ணியில கிடக்கிற ஒண்டும் நிண்ட இடத்தில நிக்காது. வலையைப் போட்டிட்டு வந்தால் வலை போட்ட இடத்திலயோ கிடக்கும்? நாங்கள் இழுத்துப் பொருத்துறது பிழை."

"கப்பல்காரன் ஏதாச்சும் கம்ப்ளைண்ட் பண்ணானா?"

"இல்லை."

"அப்போ சும்மா இரு."

கப்பல்காரர்கள் புகார் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அந்த வாரங்களில் காற்று இல்லை, பனி கொஞ்சம்தான் நகர்ந்தது, என் இழுவையில் அது மறைந்துபோனது. நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான் என்று உட்கார்ந்திருந்தேன். அவன் விடவில்லை. என் படத்தை அனுப்பிய பிறகு, தன் மேஜையில் அந்தப் பெட்டியின் கணக்கை வைத்துத் தனியாக ஒரு படம் ஒட்டிப் பார்ப்பான். கேட்டால் பழகிப் பார்ப்பதாகச் சொல்வான். எனக்கு உள்ளே எரியும்.

அன்றைக்குக் காற்று வந்திருந்தது. படங்களைத் திறந்ததுமே தெரிந்தது. பனியின் மேல் தூள் பனி வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. கப்பல் இருந்த பக்கப் பட்டைகளையும் கூடாரம் இருந்த பக்கப் பட்டைகளையும் பொருத்தினால் நடுவில் ஒரு கோணல். இழுத்தேன், வரவில்லை. இன்னும் இழுத்தேன். மேனேஜர் வாசலில் நின்று, "பாய், ஜல்தி! சார் பஜே!" என்று நாலு மணியை நினைவுபடுத்திவிட்டுப் போனார். ஒரு படத்தின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று வந்தது. தலைமுடி மாதிரி. அதற்குச் சற்று முன் எடுத்த பக்கத்துப் படத்தில் அதே இடம் வெள்ளையாக இருந்தது. நான் ஒட்டை நகர்த்தி வெள்ளையாக இருந்த படத்தை மேலே வைத்தேன். கோடு போய்விட்டது. அழகான, ஒரே வெள்ளையான பனி. கப்பலிலிருந்து கூடாரம் வரை நேராக வழி. அதன் மேல் கெட்டிப் பனி என்று நிறம் அடித்தேன்.

அனுப்ப மவுஸைத் தொடும்போது அவன் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். மூன்றரை மணி தாண்டியிருந்தது.

"அனுப்பாதேங்கோ."

"கையை எடு."

"அண்ணை, ஒருக்கா என்ர படத்தைப் பாருங்கோ. கப்பல் பக்கம் முழுக்க அந்தப் பெட்டியின்ர கணக்குக்குப் பொருந்துது. கூடாரப் பக்கம் பொருந்தேல்லை. அப்ப அது தனியாப் போகுது. நடுவில வெடிச்சிட்டுது. அந்தக் கறுப்புக் கோடு வெடிப்பு. நீங்கள் அதை மூடிப்போட்டியள்."

மூடியதை அவன் பார்த்திருக்கிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் சொன்னது பொய்யாகத் தோன்றியிருந்தால் சிரித்திருப்பேன். உண்மை என்று அந்தக் கணமே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கை எழுந்தது.

"நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா? நான் மணல்ல நின்னு வெந்துட்டிருந்தப்போ நீ எங்கடா இருந்த?"

"எட்டுப் பேர் அண்ணை. விடமாட்டன்."

முகத்தில் அறைந்தேன். அவன் மவுஸின் வயரைப் பிடுங்கிச் சுருட்டித் தன் கையில் வைத்துக்கொண்டான். இரண்டாவது அடி முஷ்டியால். அவன் உதடு பிளந்து பல்லெல்லாம் சிவப்பானது. அப்போதும் வயரை விடவில்லை. நான் அவன் தலைமுடியைப் பற்றி மேஜை விளிம்பில் மோதினேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. புருவத்துக்கு மேல் தோல் பிய்ந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் குருட்டுத்தனமாகத் தலையால் என் மூக்கில் முட்டினான். மூக்குக்குள் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நாற்காலியோடு பின்னால் விழுந்தேன். அவன் என் மார்பில் முழங்காலை ஊன்றி, வாயில் ரத்தத்தோடு, "நடப்பினம் அண்ணை, உங்கட கோட்டை நம்பி நடப்பினம்" என்று கத்தினான். நான் அவன் தொண்டையைப் பிடித்தேன். சத்தம் கேட்டு வந்த மேனேஜரும் இரண்டு டிரைவர்களும் எங்களைப் பிரித்தார்கள்.

மேனேஜர் என்னைக் குளியலறைக்குத் தள்ளினார். மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு, வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பாவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது அவன் தன் மேஜையில் உட்கார்ந்திருந்தான். ஒரு கண் மூடியிருந்தது. கீபோர்டு முழுக்க ரத்த விரல்கள். ஆபீஸின் மெயிலிலிருந்து அவனுடைய படம் போயிருந்தது. கூடவே ஆங்கிலத்தில் இரண்டு வரி: கூடாரப் பக்கம் தனியாக நகர்கிறது. இன்று யாரும் நடக்க வேண்டாம்.

அதைப் பார்த்ததும் மறுபடியும் பாய்ந்தேன். இந்தத் தடவை டிரைவர்கள் என்னைச் சுவரோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்காமல், என் வேலையைப் பொய் என்று சொல்லும் ஒரு மெயில் வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. என் மனதில் இருந்தது அது மட்டும்தான். அங்கே எட்டுப் பேர் இருந்தார்கள் என்பது ஞாபகத்திலேயே இல்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மேனேஜருக்குப் பயம் வேறு. அடிதடி என்று யாராவது போலீஸுக்குச் சொன்னால் ரெண்டு பேருக்கும் கேஸ், கம்பெனிக்கும் தலைவலி. ஒருத்தனை ஊருக்கு அனுப்பினால் விஷயம் அடங்கும். எங்களை நிற்கவைத்து, முதலில் கை வைத்தது யார் என்று கேட்டார்.

"அவன்தான்" என்றேன்.

அவனைப் பார்த்தார். அவன் புருவத்தில் துணியை அமுக்கிக்கொண்டு, "சார், ரிப்ளை ஆயா?" என்று கேட்டான். கப்பலிலிருந்து பதில் வந்ததா என்று. மேனேஜர் மேஜையில் ஓங்கி அடித்து, "கலாஸ்!" என்றார், எல்லாம் முடிந்தது என்று. அவனுடைய விசா அன்றைக்கே கேன்சலுக்குப் போனது. மெயிலின் பாஸ்வேர்டை மாற்றி, என்னிடம் மட்டும் கொடுத்தார்கள். புருவத்தில் தையல் போட டிரைவர் அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். கீழே விழுந்ததாகச் சொல்லச் சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் காலை ஆபீஸில் மெயிலைத் திறந்தேன். கப்பலிலிருந்து பதில் வந்திருந்தது. நீளமாக எழுதியிருந்தார்கள். நண்பகலில் உங்கள் படம் கிடைத்தது, அன்றைய நடையை நிறுத்திவிட்டோம். ஒரு மணி நேரத்துக்கெல்லாம் அந்த இடத்தில் பனி பிளந்தது. கூடாரம் இருந்த பாளம் பிய்ந்து போய், இன்னொரு பாளத்தோடு மோதி நொறுங்கிவிட்டது. கருவிகள் எல்லாம் போய்விட்டன. எட்டுப் பேரும் கப்பலில் பத்திரமாக இருக்கிறார்கள். அந்தப் படத்தைச் செய்தவருக்கு எங்கள் நன்றியைத் தனியாகச் சொல்லுங்கள். கீழே எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அதோடு ஒரு படமும் இருந்தது. ஹெலிகாப்டரிலிருந்து எடுத்தது. நான் கெட்டிப் பனி என்று நிறம் அடித்த இடத்தில் கறுப்புத் தண்ணீர், ஒரு பெரிய ரோடு அகலத்துக்கு. அதில் கூடாரத்தின் ஆரஞ்சுத் துணி ஒரு மூலையில் மிதந்துகொண்டிருந்தது. நான் எழுந்து போய் மேனேஜரிடம் மெயிலைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, நல்லது, கிளையண்ட் போகமாட்டார் என்றார். அவனைத் திரும்ப வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதலில் அடித்தது யார் என்ற பேச்சும் திரும்ப வந்திருக்கும்.

பனி வேலை அந்தக் கோடையோடு முடிந்தது. அதுவரை அந்தச் சின்ன ஃபைலைத் தினமும் நானே திறந்து, நானே கழித்து, பொருந்தாத இடத்தைப் பொருந்தாத இடமாகவே விட்டு அனுப்பினேன். அடிதடியும் போய்விட்டது. கை எழும், ஆனால் மேஜை விளிம்பு கண்ணில் பட்டதும் இறங்கிவிடும். அவனுடைய இலங்கை நம்பருக்குப் பல தடவை அடித்துப் பார்த்தேன், உபயோகத்தில் இல்லை. கொழும்பிலிருந்து வருகிற யாழ்ப்பாணத்துக்காரர்களைப் பிடித்து விசாரித்தேன். அவன் கனடா போய்விட்டதாக ஒருத்தன் சொன்னான், ஊரில் கடலுக்குத்தான் போவதாக இன்னொருத்தன் சொன்னான். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

அவன் கிளம்பிய நாளைச் சொல்லிவிடுகிறேன். சண்டை நடந்து மூன்றாவது நாள், மத்தியானம். கம்பெனி டிரைவர் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அறையில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும். மூன்று நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. என் மூக்கில் பிளாஸ்டர், அவன் புருவத்தில் கறுப்பு நூல். அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான், கட்டில் கம்பியில் காய்ந்த துண்டை எடுத்து அதன் மேல் வைத்தான். வாசலுக்குப் போனவன் நின்று திரும்பினான். கோபமே இல்லாத முகம்.

"அண்ணை, ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. கப்பலில இருந்து பதில் ஏதும் வந்ததோ?"

என் சட்டைப் பையில் போன் இருந்தது. போனில் அந்த மெயில் இருந்தது, எட்டுக் கையெழுத்தோடு. எடுத்து நீட்டினால் போதும். நீட்டினால், நீதான் சரி என்று நான் சொன்னதாகிவிடும். மூக்கு விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

"வரலை" என்றேன்.

அவனுடைய தையல் போடாத கண்ணில் தண்ணீர் நிறைந்தது. துடைக்கவில்லை.

"படம் போய்ச் சேரப் பிந்திட்டுது போல" என்றான். "அப்ப நடந்திருப்பினம்."

பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினான். நான் கதவைச் சாத்தினேன்.